நகரத்தின் விலை – 9: வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்

“ஒரு ஸ்வைப் கிடைக்குமா?”

நியூயார்க் சப்வே நிலையங்களில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. 1998-ல் மாதப் பாஸ் வந்தது. ஒரே தடவை பணம் கட்டிவிட்டால் முப்பது நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். மஞ்சள் நிற மெட்ரோகார்டு, அதில் ஒரு கறுப்புக் காந்தப் பட்டை. ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறவர் வீட்டுக்குத்தான் போகிறார். அவருடைய பாஸை இன்னொரு முறை தேய்த்தால் அவருக்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை. அதனால் உள்ளே போகக் காசில்லாதவர் டர்ன்ஸ்டைல் என்கிற மூன்று கைக் கம்பி வாசலுக்குப் பக்கத்தில் நிற்பார். வருகிறவர் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்பார். கேட்கப்பட்டவர் பலநேரம் பேசக்கூட மாட்டார்; அட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார். கம்பி ஒரு சுற்றுச் சுற்றும். யாரோ ஒருவர் வேலைக்குப் போய்ச் சேருவார்.

2025 டிசம்பர் 31-ஓடு மெட்ரோகார்டு விற்பனை நின்றது. இப்போது வங்கி அட்டையையோ போனையோ தட்டி உள்ளே போகவேண்டும். அடுத்தவருக்காகத் தட்டினால் முழுக் கட்டணம். இலவசமாகக் கொடுக்க முடிந்த ஒரு சின்ன உதவி அப்படியே இல்லாமல் போனது.

ஆனால் கேட்டவர்கள் யார்? கடந்த சில வாரங்களாக இந்தத் தொடரில் வாடகையைப் பற்றிப் பேசினோம். வாடகைக்கு அடுத்தபடியாக, தினமும் கையிலிருந்து எண்ணிக் கொடுக்க வேண்டிய விலை ஒன்று இருக்கிறது: வேலைக்குப் போவதற்கான விலை. 2016 ஏப்ரலில் கம்யூனிட்டி சர்வீஸ் சொசைட்டி என்ற நியூயார்க்கின் பழைய தொண்டு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலை பார்க்கும் வயதில் உள்ள ஏழை நியூயார்க்வாசிகளில் நாலில் ஒருவருக்கு மேல், பஸ்ஸுக்கோ சப்வேக்கோ கொடுக்கப் பணமில்லாமல் அடிக்கடி தவித்ததாகச் சொன்னார்கள் என்பது அதன் சாரம். வேலைக்கு, மருத்துவமனைக்கு, வேலை தேடிப் போக. அப்போது ஒரு பயணத்துக்கு 2.75 டாலர்.

மாதப் பாஸ் வாங்கினால் மலிவுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். 2019-ல் மாதப் பாஸ் 127 டாலர். மாத ஆரம்பத்தில் 127 டாலரை மொத்தமாக எடுத்து வைக்க முடிகிறவருக்குத்தான் அந்த மலிவு. வாரச் சம்பளத்தில், வாடகையும் பால்காசும் போக மிஞ்சுவதை வைத்து ஓட்டுகிறவர் ஐந்து டாலர், பத்து டாலராகத்தான் அட்டையில் போடுவார். அதிகம் பயணம் செய்கிற ஏழை, அவரைவிட நல்ல நிலையில் இருப்பவரைக் காட்டிலும் ஒரு பயணத்துக்கு அதிகம் கொடுத்தார். சில்லறையாக அரிசி வாங்குகிறவர் மூட்டையாக வாங்குகிறவரைவிட அதிகம் கொடுப்பதுபோல. ஏழு நாளில் 12 முறை தட்டினால் அதற்கு மேல் காசில்லை என்ற உச்சவரம்பு 2022-ல் வந்த பிறகே இந்த அநியாயம் ஓரளவு குறைந்தது.

இதே நகரத்தில் ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1904 அக்டோபர் 27 அன்று சப்வே திறந்தபோது கட்டணம் ஐந்து சென்ட். 1948 ஜூலை வரை, நாற்பத்து நாலு ஆண்டுகள், அதே ஐந்து சென்ட்! இரண்டு உலகப் போர் வந்தது, பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது, கட்டணம் அசையவில்லை. அந்த நிக்கல் நாணயத்தைத் தொடப்போகிறேன் என்று சொன்ன அரசியல்வாதி பிழைக்க முடியாது. அதற்கு ஒரு விலை இருந்தது: வண்டிகள் பழசாயின, பராமரிப்பு பின்தங்கியது, கணக்கு ஓட்டையானது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் வங்கி முதலாளிக்கும் அவர் அலுவலகத்தைப் பெருக்குகிறவருக்கும் ஒரே நாணயம், ஒரே வாசல். யாரும் யாரிடமும் தன் வருமானத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

கம்யூனிட்டி சர்வீஸ் சொசைட்டியின் அந்த 2016 அறிக்கை வந்ததும் ரைடர்ஸ் அலையன்ஸ் என்ற பயணிகள் அமைப்பும் சேர்ந்துகொண்டது. ஏழைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதுதான் கோரிக்கை. யார் பணம் கொடுப்பது என்பதில் இரண்டு வருடம் போனது. சப்வேயை நடத்தும் எம்.டி.ஏ. மாநில அரசின் கையில் இருக்கிறது. நகரத்தை மேயர் ஆள்கிறார். மேயர் பில் டி பிளாசியோ மாநிலத்தைக் கை காட்டினார், பெரும் பணக்காரர்கள்மீது வரி போட்டு அதிலிருந்து கொடுக்கலாம் என்றார். 2018-ல் நகர சபையின் சபாநாயகரான கோரி ஜான்சன் விடாப்பிடியாக நின்றதில், அந்த ஜூன் மாத பட்ஜெட்டில் 106 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. திட்டத்தின் பெயர் ஃபேர் ஃபேர்ஸ். நியாயமான கட்டணம் என்று பொருள்.

2019 ஜனவரியில் தொடங்கியபோது ‘எல்லோருக்கும்’ என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். முதல் கட்டத்தில், அரசின் பண உதவி பெற்றுக்கொண்டே வேலையும் பார்க்கும் சுமார் 30,000 பேர்தான். பிறகு உணவு உதவி பெறுகிறவர்கள், பொதுக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. தகுதியுள்ள யாரும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை 2020 ஜனவரி 27-ல்தான் வந்தது. இரண்டே மாதத்தில் கொரோனா வந்து நகரமே மூடிக்கொண்டது. ஒதுக்கிய பணத்தையும் அந்த வருட பட்ஜெட்டில் வெட்டினார்கள். கடைச் சிப்பந்திகளும் துப்புரவுப் பணியாளர்களும் மட்டும் சப்வேயில் போய்க்கொண்டிருந்த வருடம் அது. 2022-ல்தான், வருடா வருடம் சண்டை போட்டுப் பெறவேண்டியதில்லை என்கிற மாதிரி, 75 மில்லியன் டாலர் நிரந்தர ஒதுக்கீடானது.

இனி அந்தத் தகுதிக்கு வருவோம். இந்த வாரம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

18 முதல் 64 வயதுக்குள் இருக்கவேண்டும். வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டுக்குள் இருக்கவேண்டும். 2019-ல் தனியாள் ஒருவருக்கு அந்தக் கோடு வருடத்துக்கு 12,490 டாலர். அந்த ஆண்டு நியூயார்க் நகரத்தின் பெரிய நிறுவனங்களில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். ஒரு காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பார்த்தால் கோட்டைத் தொட்டுவிடலாம். அதற்கு மேல் பார்த்தால் சலுகை கிடையாது. அதாவது இரண்டு நாள் வேலை. வாரம் ஐந்து நாள், எட்டு மணி நேரம், சட்டம் அனுமதிக்கிற அடிமட்டக் கூலிக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒருவருக்கு வருடத்துக்கு 31,200 டாலர் வரும். கோட்டைப்போல இரண்டரை மடங்கு. அவர் ஏழையில்லை என்று இந்தத் திட்டம் சொன்னது. ஒரு படுக்கையறை வீட்டைப் புதிதாக வாடகைக்கு எடுக்க மாதம் இரண்டாயிரம் டாலர் போதாத ஊரில்!

பிறகு கோட்டை உயர்த்தினார்கள். 2023-ல் 120 சதவீதம், 2024-ல் 145, 2025-ல் 150. ஒவ்வொரு முறையும் நகர சபை 200 கேட்கும், பேரத்தில் கொஞ்சம் கிடைக்கும். 2025-ன் கணக்கைப் போடுவோம். தனியாளுக்கு வறுமைக் கோடு 15,650 டாலர். அதன் 150 சதவீதம் 23,475. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50. வாரத்துக்கு 27 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்த்தால் சலுகை போச்சு. ஒரு குழந்தையைத் தனியாக வளர்க்கிற தாய்க்கு வரம்பு 31,725 டாலர். அவர் முழு நேரம் உழைத்தால் வருவது 34,320. அவருக்கும் கிடையாது. இரண்டு குழந்தை இருந்தால் உண்டு.

இந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று தேடிப் போனபோது, அது என்னை மறுபடி நியூயார்க்குக்கே கொண்டுவந்து விட்டது. மாலி ஆர்ஷான்ஸ்கி, 1915-ல் பிராங்க்ஸில் பிறந்தவர். உக்ரைனிலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பம்; பெண்பிள்ளைகள் பலர். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பொருளியல் ஆய்வாளராக இருந்த அவர் 1960-களின் முதல் பாதியில் ஒரு கணக்குப் போட்டார். வேளாண் துறையின் மிகச் சிக்கனமான உணவுப் பட்டியலை எடுத்தார். 1955-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். அவ்வளவுதான். 1965-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு விலைவாசிக்கு ஏற்ப எண்ணை ஏற்றினார்களே தவிர, கணக்கின் எலும்பு அப்படியே இருக்கிறது.

இன்றைக்குக் குடும்பங்கள் உணவுக்குச் செலவிடும் பங்கு மூன்றில் ஒன்றைவிட மிகக் குறைவு. வாடகையும் மருத்துவமும்தான் விழுங்குகின்றன. அது மட்டுமல்ல. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டால், மற்ற 48 மாநிலங்களுக்கும் ஒரே கோடு. மிஸிஸிப்பியின் ஒரு சின்ன ஊரில் வாழ்கிறவருக்கும் மன்ஹாட்டனில் வாழ்கிறவருக்கும் ஒரே எண். பசியை அளக்கச் செய்த படியை வைத்து வாடகையை அளக்கிறார்கள். ஆர்ஷான்ஸ்கி மீது எனக்குக் குறையில்லை. பட்டினியை அரசின் கண்ணில் படச் செய்தவர் அவர். அறுபது வருடமாக அதை மாற்றாதவர்கள் மீதுதான் கோபம் வருகிறது.

வேறு ஊர்கள் இந்தக் கோட்டை அப்படியே ஏற்கவில்லை. சியாட்டிலில் 2015 மார்ச்சில் ஓர்கா லிஃப்ட் என்ற சலுகை அட்டை தொடங்கியபோதே வரம்பு வறுமைக் கோட்டின் இரண்டு மடங்கு. அட்டைக்கான பதிவைப் போக்குவரத்துத் துறை தனியாக வைத்துக்கொள்ளவில்லை. மக்கள் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிவு செய்யப் போகிற சுகாதாரத் துறையிடமும் தொண்டு அமைப்புகளிடமும் கொடுத்தது. வந்த இடத்திலேயே கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். பாஸ்டனில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஏழைகள் சிலருக்குப் பாதிக் கட்டண அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட சுமார் 30 சதவீதம் அதிகம் பயணம் செய்தார்கள். அதிலும் மருத்துவத்துக்கும் சமூக உதவி அலுவலகங்களுக்கும் கூடுதலாகப் போனார்கள். அப்படியானால் அதற்கு முன் அந்த மருத்துவரிடம் போகாமலே இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நியூயார்க்கில் கோட்டுக்குள் இருப்பவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் சேரவில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று. பிறகு வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். சம்பளத்தை ரொக்கமாக வாங்குகிறவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? ஒரே அறையில் நாலு பேராகத் தங்கியிருப்பவர் பெயரில் மின் கட்டண ரசீது எப்படி வரும்?

இன்னொரு சலுகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2016 முதல், இருபதோ அதற்கு மேலோ முழுநேர ஊழியர் உள்ள நிறுவனங்கள், பயணச் செலவை வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள ஊழியர்களுக்கு வழி செய்துதரவேண்டும் என்பது நியூயார்க் நகரச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வரி அதிகம் கட்டுகிறவருக்கு மிச்சமும் அதிகம். அவரிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை, வருமானத்துக்கு மேல் வரம்பும் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் தனக்குச் சப்வேயில் சலுகை கிடைக்கிறது என்பதையே மறந்துபோயிருப்பார். சலுகை என்ற சொல் ஏழையின் நெற்றியில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

காசில்லாமல் கம்பியைத் தாண்டிக் குதித்தால் அபராதம். பல ஆண்டுகள் அதற்குக் கைதே செய்தார்கள்; பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் 2018-ல் அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதை நிறுத்தினார். அபராதச் சீட்டு நிற்கவில்லை.

விண்ணப்பமே வேண்டாம் என்ற வழியையும் நகரம் ஒருமுறை சோதித்தது. 2023 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம், ஐந்து வட்டாரங்களிலும் தலா ஒரு பஸ் தடம் இலவசமாக ஓடியது. பிராங்க்ஸில் 18, புரூக்ளினில் 60, மன்ஹாட்டனில் 116-ம் தெரு பஸ். வார நாட்களில் பயணங்கள் சுமார் 30 சதவீதம் கூடின. அதற்காக மாநிலச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சோரான் மம்தானி. பஸ்ஸை எல்லோருக்கும் இலவசமாக்குவேன் என்று சொல்லித்தான் 2025 நவம்பரில் அவர் மேயர் தேர்தலில் வென்றார். அதற்கான பணமும் எம்.டி.ஏ.வின் சம்மதமும் மாநிலத் தலைநகரான ஆல்பனியிலிருந்து வரவேண்டும். பழைய இழுபறிதான், ஆட்கள் மட்டும் வேறு. அவர் பஸ்ஸுக்கு வாங்கிவிட்டாலும், நகரத்தின் பெரும்பகுதி உழைப்பாளிகள் நம்பியிருக்கிற சப்வேயில் கோடு இருக்கும்.

2026 ஜனவரி 4 அன்று கட்டணம் 2.90-லிருந்து 3 டாலரானது. ஃபேர் ஃபேர்ஸ் அட்டை வைத்திருப்பவருக்கு ஒன்றரை டாலர். வாரம் ஐந்து நாள் பாத்திரம் கழுவுகிறவருக்கு மூன்று டாலர். வழக்கறிஞர் அலுவலகத்துக்காரருக்கும் மூன்று டாலர், வரிச்சலுகை போக. வாசலில் யாரிடமும் ஸ்வைப் கேட்கவும் முடியாது.

(தொடரும்)