தீக்கு முன்னே ஒரு சிவப்புக் கோடு

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய மலைகளில் பெருந்தீ பரவியது. அப்போது வீட்டுக் கூரை, கார், தெரு எல்லாம் இளஞ்சிவப்பாகக் கிடந்த படங்கள் வெளியாயின. ஹோலி முடிந்த மறுநாள் தெருவோ என்று நினைக்கத் தோன்றும். அது விமானங்கள் கொட்டிய தீத்தடுப்பு மருந்து.

அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கலந்திருக்கும் முக்கியச் சரக்கு அம்மோனியம் பாஸ்பேட். நம் ஊரில் வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரத்துக்கு நெருங்கிய உறவு!

எரிகிற தீயின் தலையில் இதைக் கொட்டுவதில்லை. தீ வரப்போகும் வழியில், முன்கூட்டியே கோடு கிழித்தாற்போல் பரப்புகிறார்கள். வெறும் தண்ணீர் என்றால் அனலில் ஆவியாகிப் போய்விடும். இந்த மருந்தோ ஈரம் காய்ந்த பிறகும் வேலை செய்யும். சூடேறிய புல்லும் சுள்ளியும் எரியும் வாயுவை வெளிவிடாமல் கரியாகிவிடுகின்றன. தீயின் வேகம் குறைகிறது; அவ்வளவுதான். அதற்குள் தரையில் ஆட்கள் வந்து அணைத்தாக வேண்டும். முந்தைய விமானம் போட்ட கோடு எங்கே முடிந்தது என்று விமானிக்குத் தெரிவதற்காகவே சிவப்பு நிறம்.

1950-களில் போரேட் உப்பைக் கொட்டினார்கள். அது விழுந்த மண்ணில் செடி முளைக்காததைக் கண்டு கைவிட்டார்கள். உரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், தண்ணீரில் அம்மோனியா கலந்தால் மீனுக்கு விஷம். 2002-ல் ஆரிகன் மாநிலத்தின் ஃபால் ஆற்றில் தவறி விழுந்த மருந்தால் சுமார் 20,000 மீன்கள் செத்து மிதந்தன. நீர்நிலைக்கு 300 அடிக்குள் கொட்டக் கூடாது, மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு என்று 2011-ல் விதி வந்தது. அதன் பிறகும் மருந்து ஓடைகளில் விழாமல் இல்லை.

2022-ல் வழக்குத் தொடர்ந்தவர்கள் யார் தெரியுமா? வனத்துறையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் சேர்ந்து அமைத்த சங்கம்! தங்கள் இலாகா மீதே வழக்கு. எதிர்த்தரப்பில், 2018 தீயில் 85 பேர் மாண்ட பாரடைஸ் ஊரும் சேர்ந்து நின்று, மருந்தைத் தடை செய்தால் உயிர்களுக்கு ஆபத்து என்று வாதாடியது.

2023 மே மாதம் மான்டானா மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி நீரில் மருந்து விழச் செய்தது சட்டமீறல் என்றார் நீதிபதி. அனுமதி பெறும் வரை விமானங்களை நிறுத்தும்படி மட்டும் அவர் உத்தரவிடவில்லை.