பெயர் சொல்லாக் காதல்

காதலைப் பாடும்போது காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்று நம் முன்னோர் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு இது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. முதலாம் ஆண்டிலேயே தெரிந்திருந்தால் ஒரு தோழியின் மனம் புண்பட்டிருக்காது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அகத்திணையியல் என்றோர் இயல் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்திணையைப் பாடுகையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது அங்குள்ள விதி. அதனால்தான் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் காதலிப்பவர்கள் வெறும் தலைவன், தலைவியாகவே நமக்கு அறிமுகமாகிறார்கள். மன்னர் பெயர் உவமையில் வரலாம். காதலர் பெயர் வராது.

இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது? நெடுநல்வாடையைப் பாருங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான இதனை நக்கீரர் 188 அடிகளில் பாடினார். குளிர்ந்த கூதிர்கால இரவு. அரண்மனையில் கணவனைப் பிரிந்து வாடும் அரசி. பாசறையில் உறங்காமல், புண்பட்ட வீரர்களைக் கண்டுவரும் அரசன். இருவருக்கும் பெயரில்லை. ஆனால், அரசனுக்கு முன்செல்பவனின் வேலில் வேம்பு கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர் சூடும் அடையாளப் பூ. தலைவன் பாண்டியன் என்பது தெரிந்துவிட்டதால் இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

விரிவுரையில் இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

முதலாம் ஆண்டில் நான் ஒரு காதல் கவிதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அவள் பெயரை எழுதவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு! ஆனால், அவள் எப்போதும் கையில் வைத்திருக்கும் ஒரு பொருளை எழுதியிருந்தேன். நண்பகலுக்குள் உணவகம் முழுவதும் அவள் பெயர்தான். மாலையில் வந்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். அதன்பின் நெடுநாள் பேசவில்லை. அந்தப் பொருள்தான் என் வேம்பு.

ஊரார் வாயில் காதல் படும் பாட்டைச் சங்கப் புலவர்கள் 'அலர்' என்றார்கள். அதனால் வருந்தும் தலைவியை அவர்கள் நன்கறிவார்கள். பெயரை மறைப்பது அவளுக்கு ஒரு காப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலைக்கும் அதனால் நன்மையே. பெயரில்லாத தலைவியின் இடத்தில் யாரும் சென்று நிற்கலாம். நம்மாழ்வார் தம்மையே தலைவியாக்கித் திருமாலை நினைந்து உருகினார். காதல் பாட்டு பக்திப் பாட்டாயிற்று. புலவரின் பெயரும் மறைந்துபோனதுண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலை இயற்றியவரை, அவர் கையாண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். அவர் பெயர் போயிற்று; பாட்டு நின்றது.

நண்பர்களே, இன்று முகநூலிலும் புலனத்திலும் பெயரும் படமும் போடாமல் நம் அன்பு நிறைவடைவதில்லை. அந்த அன்பு நமக்கு மட்டும் உரியதா? மற்றவரும் அதில் பாதி அல்லவா? பதிவிடுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்போம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.