உங்களுக்குத் தெரியுமா? பழைய டீசல் பென்ஸின் கியர் ஏன் உதைக்கிறது?

◆ மெர்சிடீஸ் பென்ஸின் டபிள்யூ 123 வரிசை வெளிவந்தது 1976 ஜனவரியில். உற்பத்தி நிற்பதற்குள் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன. அவற்றில் 300டி டர்போ டீசல் செடான் அமெரிக்காவில் 1982 முதல் 1985 வரை விற்பனையில் இருந்தது. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். நாற்பது வயதைத் தாண்டியும் இந்த வண்டிகளை அங்கே விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது என்பது. உடனே, "பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் ஆகணும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு வெளியே, வேக்குவம் என்கிற உறிஞ்சும் விசையைக் கொண்டுபோகும், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாயில் இருக்கும்.

◆ பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியை ஒரு த்ராட்டில் தகடு அடைத்துத் திறக்கிறது. அதனால் எஞ்சின் மூச்சு இழுக்கும்போதே வேக்குவம் கிடைத்துவிடும். இந்த டீசலில் அந்தத் தகடு கிடையாது. வேக்குவம் வேண்டுமானால் தனியாக ஒரு பம்ப் வைத்தாக வேண்டும். எஞ்சினின் முன்பக்கம் பொருத்தியிருக்கும் அந்த ஒரே பம்பை நம்பி எத்தனை வேலைகள் நடக்கின்றன, பாருங்கள்: பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், ஏசி காற்றைத் திசை திருப்பும் மடல்கள், எஞ்சினை நிறுத்துவது, கடைசியாகக் கியர் மென்மையாக விழுவது. டிக்கியில் ஓடும் பூட்டுக் குழாய் ஒன்று கிழிந்தால்கூட கியர் உதைக்கக்கூடும்.

◆ சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறதா? அதுவும் இதே நோய்தான். இந்த வண்டியில் சாவியை அணைத்தால் வேக்குவம் வந்து டீசலை அடைக்கும். அப்போதுதான் எஞ்சின் நிற்கும். வேக்குவம் கசிந்தால் நிற்காது. பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேலிருக்கும் 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்புகோலைக் கையால் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். கியர் உதைக்கிறது, எஞ்சின் நிற்க மறுக்கிறது, கதவு பூட்டவில்லை என்று மூன்று புகார்கள் ஒன்றாக வந்தால் மூன்று மெக்கானிக்கைத் தேட வேண்டாம். கசிவு ஒன்றாகவே இருக்கலாம்.

◆ வேக்குவம் குறைந்தால் கியர் ஏன் பலமாக அடிக்க வேண்டும்? கியர்பாக்ஸின் பக்கத்தில் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பி உண்டு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது அதற்கு நிறைய வேக்குவம் போகும். அப்போது பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் தாழ்ந்து, கிளட்ச்சுகள் நிதானமாகப் பிடிக்கும். காலை அழுத்த அழுத்த வேக்குவம் குறையும், ஆயில் அழுத்தம் ஏறும், பிடி இறுகும். குழாய் எங்காவது விட்டுப்போனால் மாடுலேட்டருக்கு வேக்குவமே வராது. நாம் மெதுவாகத் தெருவில் உருட்டிக்கொண்டிருப்போம். பாக்ஸோ, முழு மிதி மிதித்திருப்பதாக எடுத்துக்கொண்டு முழுப் பலத்தோடு கியரைப் போடும். இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். வேக்குவம் போனால் பிடி தளரும்படி அமைத்திருந்தால், ஒரு சின்னக் குழாய் கிழிந்ததற்காகக் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகியிருக்கும்.

◆ அதனால்தான், உதைக்கிற பாக்ஸைவிட வழுக்குகிற பாக்ஸ் ஆபத்தானது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும் இடைவெளியில் எஞ்சின் மட்டும் 'வ்ர்ர்' என்று எகிறி, வண்டி ஒரு கணம் இழுக்காமல் நின்றால், மாடுலேட்டருக்கு வேக்குவம் அளவுக்கு மீறிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். உதை எரிச்சல் தரும், கூடவே ரப்பர் தாங்கிகளையும் மெல்லத் தின்னும். வழுக்கலோ உள்ளே இருக்கும் தகடுகளையே தேய்த்துவிடும்.

◆ மாடுலேட்டருக்கு எவ்வளவு வேக்குவம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது டீசல் பம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வால்வு. ஆக்சிலரேட்டர் கம்பியோடு சேர்ந்து அதுவும் திரும்பும். வேக்குவம் பம்பின் வாயில் கேஜை மாட்டினால் 20 அங்குல மெர்க்குரிக்கு மேல் காட்ட வேண்டும். வால்வைத் தாண்டி மாடுலேட்டர் குழாயில் மாட்டினால், எஞ்சின் சும்மா ஓடும்போது பொதுவாக 10 முதல் 15 வரை நிற்கும். ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் மெல்லத் தள்ளினால் முள் வழவழவென்று இறங்க வேண்டும். தடாலென்று விழுந்தாலோ அசையாமல் நின்றாலோ அந்த வால்வைத்தான் கவனிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதைக்கூடச் செய்யாமல் பாக்ஸை இறக்கச் சொல்கிறவர்களிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

◆ கசிவைக் கண்டுபிடிக்க அமெரிக்கக்காரர்கள் கையாளும் கருவி எது தெரியுமா? கோல்ஃப் டீ! பந்தை நிறுத்திவைக்கும் அந்தக் கூம்பு ஆணி, இந்த வேக்குவம் குழாய்களின் வாயில் கச்சிதமாக உட்காரும். பூட்டுகளுக்குப் போகும் கிளையைக் கழற்றி ஆணியால் அடைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். கியர் மென்மையாகிவிட்டதா? கசிவு அந்தக் கிளையில். இல்லையென்றால் அடுத்த கிளை. ஏசி மடல்களை அசைக்கும் டப்பிகளில் சில டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கின்றன. அங்கே கசிந்தால், நேரம் கிடைத்துப் பிரிக்கும் வரை அந்தக் கிளையை அடைத்தே ஓட்டுகிறவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டர் குழாயில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது. பிரேக் மிதி கல்லாக இறுகினால் வண்டியை எடுக்கவே கூடாது.

◆ குழாயை விடவும் அதன் முனையில் இருக்கும் ரப்பர் முழங்கைகள்தான் முதலில் போகும். குழாய் கெட்டியான பிளாஸ்டிக். முழங்கை மட்டும் ரப்பர். எஞ்சின் சூட்டிலும் டீசல் ஈரத்திலும் ஊறி ஊறி அது கெட்டுப்போகிறது. மேலிருந்து பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காகத்தான் தெரியும். கட்டைவிரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் வாய் திறக்கும். சில முழங்கைகள் வெடிக்காமல் ஊதிப் பிசுபிசுத்து, தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். குழாயைப் பிடிக்க முடியாமல் தொளதொளவென்று ஆடும். வண்டியிலேயே மிக மலிவான பாகங்களில் இதுவும் ஒன்று.

◆ கியர் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எங்கே போகிறது? மாடுலேட்டரில் குத்தியிருக்கும் குழாயை உருவி, அதன் வாயில் சிவப்பு ஈரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. வேக்குவம் பம்ப் அந்தக் கிழிசல் வழியே கியர் ஆயிலை உறிஞ்சி எஞ்சினுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மாடுலேட்டரை வெளியிலிருந்தே மாற்றலாம். பாக்ஸைத் தொட வேண்டாம்.

◆ ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிளும் போகிறது. கியர் எப்போது மாற வேண்டும் என்பது கேபிளின் பொறுப்பு; எவ்வளவு பலமாக மாற வேண்டும் என்பது வேக்குவத்தின் பொறுப்பு. உதைக்கிறது என்று கேபிளைத் திருகினால் உதை அப்படியே இருக்கும், மாறும் வேகமும் சேர்ந்து கெடும்.

◆ சில உதைகளுக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் ரப்பர் வட்டுகள் இருக்கின்றன. அவை வெடித்திருந்தால் 'டங்' என்ற சத்தம் பின்னாலிருந்து வரும். எஞ்சின் மவுண்ட் தணிந்திருந்தாலும், ஐடில் வேகம் கூடியிருந்தாலும், 'டி'யில் போட்டதும் வண்டி குலுங்கும்.

◆ கியர் ஆயிலை எஞ்சின் ஓடும்போது, சமதளத்தில், கியர் நெம்பை 'பி'யில் வைத்து, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே அடங்குவது வெறும் 0.3 லிட்டர். ஒரு பாட்டிலைக் கவிழ்த்தாலே அளவு எகிறிவிடும். துடைக்கும் துணியில் நூல் உதிரக்கூடாது. உள்ளே இருக்கும் வால்வுகளின் இடைவெளி அத்தனை நுண்ணியது.

◆ ஆயில் மாற்றும்போது கீழ்த்தட்டை மட்டும் வடித்தால் பழைய ஆயிலில் கணிசமான பகுதி, எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். இந்த பென்ஸ் பாக்ஸின் கன்வர்ட்டரில் தனி வடிதிருகாணி வைத்திருக்கிறார்கள். பல கார்களில் கிடைக்காத வசதி. கிராங்க் ஷாஃப்டின் முன் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட்டைப் போட்டுக் கையால் சுற்றினால், திருகாணி அடியில் உள்ள திறப்புக்கு நேராக வந்து நிற்கும்.

◆ மாடுலேட்டரின் மூடிக்குள் ஒரு சின்னத் திருகு கைப்பிடி இருக்கிறது. அதைத் திருப்பினால் உதை குறையும். கசிவைத் தேடச் சோம்பல்பட்டு நேரே இதைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. பின்னொரு நாள் யாராவது கசிவை அடைத்து வேக்குவம் முழுசாக வரும்போது ஆயில் அழுத்தம் தேவைக்கும் கீழே இறங்கி, அதுவரை நன்றாக இருந்த பாக்ஸ் வழுக்கத் தொடங்கும். பம்ப், வால்வு, குழாய், மாடுலேட்டர் சவ்வு என்று எல்லாம் சரி என்று கேஜ் காட்டிய பிறகே இந்தக் கைப்பிடியைத் தொட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்குக் கொஞ்சமாக. திருப்பியதும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.