குடத்தின் முழக்கம் குறையாமல் கேட்க...

ஊரில் கொடை நடந்தால் மறுநாளே அதன் வில்லுப்பாட்டு நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆவலோடு இயர்போனை மாட்டிக் கேட்கிறோம். வில்லில் கட்டிய மணிகள் கிணுகிணுக்கின்றன. பாட்டுக்காரரின் குரல் கணீரென்று வருகிறது. உடுக்கையும் தாளமும் தெளிவாக இருக்கின்றன. குடம் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. பொத்தானை அழுத்தி ‘பேஸ்’ ஏற்றினால் டப்பா பீப்பாய் ஆகிறதே தவிர, குடம் திரும்பி வருவதில்லை.

நம் அன்பர்கள் பலருக்கும் உள்ள இந்தக் குறை எங்கே உண்டாகிறது, அதை எப்படித் தீர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

எல்லை தாண்டிய பாட்டு

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. களியக்காவிளைக்கு மேற்கே சிறிது தூரத்தில் இருக்கும் பாறசாலை அதனால் கேரள ஊராயிற்று. பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் மொழி மாறியது. பாட்டு மாறவில்லை. தமிழில் வில்லுப்பாட்டு என்பதை மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு நடந்த போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை எல்லைக்கு இருபுறமும் சொந்தம். தமிழும் மலையாளமும் கலந்து வரும் இந்தப் பாடல்களை மலையாளிகள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று தங்கள் இலக்கிய வரலாற்றில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து வெளியூர் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குக் கொடையை நேரில் பார்க்க வாய்ப்புக் குறைவு. அவர்கள் கேட்டு அறிவது ஒலிப்பதிவில்தான். அதில் குடம் இல்லையென்றால் வில்லுப்பாட்டு என்றாலே அவர்களுக்கு மணிச்சத்தம் என்றுதான் மனத்தில் பதியும்.

குடம் எப்படி முழங்குகிறது?

வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தில் பொருந்தியிருக்கும். குடம் அடிப்பவர் அதன் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கிறார். அப்போது வாயருகே இருக்கும் காற்று உள்ளே அமுங்கி, உள்ளிருக்கும் காற்றால் வெளியே தள்ளப்படுகிறது. இப்படிக் காற்று முன்னும் பின்னும் ஊசலாடுவதில்தான் ‘தும்’ என்ற கனத்த ஒலி பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். வயிறு பெருக்கப் பெருக்க, வாய் சுருங்கச் சுருங்க, ஒலி கீழே இறங்கும். இருபது லிட்டர் கொள்ளும் குடத்துக்குக் கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வு, அதாவது 120 ஹெர்ட்ஸ் வருகிறது. மனிதக் காது கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே குடத்தின் இடம் அடித்தட்டில். ஓட்டை வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள் பேஸ் கொடுப்பதும் இதே தத்துவத்தில்தான். நம் குயவர் செய்த வேலையைத்தான் பெட்டி செய்பவர் மரத்தில் செய்கிறார்.

இந்த ஒலி கோயில் முற்றத்திலிருந்து நம் காதுக்கு வரும் வழியில் மூன்று இடங்களில் கசிகிறது.

முதல் கசிவு: பதிவில்

கோயில் மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை மலையாளத்தில் கோளாம்பி என்பார்கள். தூரத்துக்குக் குரல் எட்டச் செய்வதற்கென்றே உண்டானது அது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை. அதன் அடியில் நின்று பதிவு செய்தால் குடத்தின் அடித்தொனி பதிவிலேயே இருக்காது. இல்லாத ஒலியை எந்த ஹெட்ஃபோனாலும் கொண்டுவர முடியாது. ஊரிலிருக்கும் உறவினரிடம் சொல்லுங்கள்: பந்தலுக்குள், குடத்துக்கு ஆறேழு அடி தூரத்தில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்புறமாக வைத்துப் பதிவு செய்யட்டும். கைபேசியைத் தரையில் வைக்காமல் ஒரு துணி மடிப்பின்மேல் வைத்தால் காலடி அதிர்வு ஏறாது.

இன்னொன்று மின்சார ரீங்காரம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. மைக் செட்டில் அது நுழைந்தால் 50, 100 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று இரையும். குடத்தின் வீட்டுக்குப் பக்கத்து வீடு அது. நாம் பேஸை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும்.

இரண்டாவது கசிவு: கருவியில்

1979இல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. பின்னால் வந்த வாக்மேன்களில் ‘மெகா பேஸ்’ பொத்தானும் சேர்ந்தது. இன்று அந்த இடத்தில் கைபேசியின் ஈக்வலைசர் இருக்கிறது. இதில் ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். ஒலியை 3 டெசிபல் ஏற்ற இரு மடங்கு மின்திறன் வேண்டும். 10 டெசிபல் ஏற்றப் பத்து மடங்கு வேண்டும். சின்னக் கருவியில் அவ்வளவு சக்தி கிடையாது. எல்லை மீறியதும் அலையின் உச்சி நறுக்கப்பட்டு ‘கரகர’ என்ற சத்தம் வருகிறது. செல் இறங்கிய வாக்மேனில் பேஸ் பொத்தானை அழுத்தினால் பாட்டு கரகரத்ததும் இதனால்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. பேஸை ஏற்றுவதற்குப் பதிலாக நடு ஒலியையும் மேல் ஒலியையும் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். பிறகு மொத்த ஒலியளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். குடம் கனத்து வரும், கரகரப்பு இராது.

மூன்றாவது கசிவு: காதில்

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கசிவு இதுதான். இயர்போன் மிகச் சிறிய அளவு காற்றைத்தான் தள்ளுகிறது. காதுக்கும் அதற்கும் இடையில் சந்து இருந்தால் முதலில் தப்பி ஓடுவது கீழ் ஒலிதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல அழுத்துங்கள். குடம் திடீரென்று பெருத்தால் குறை உங்கள் கருவியில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. கூடவே தரும் ரப்பர் மூடிகளில் வேறு அளவைப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்பதில்லை. காதை மூடும் பெரிய ஹெட்ஃபோன் என்றால் மூக்குக் கண்ணாடியின் கம்பியும் தலைமுடியும் சந்து உண்டாக்கும்.

ரயிலிலும் விமானத்திலும் வரும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஒலிதான். அது குடத்தை விழுங்கிவிடும். உடனே நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். நன்றாக அடைத்துப் பொருந்தும் இயர்போனோ, இரைச்சலைத் தணிக்கும் ஹெட்ஃபோனோ இருந்தால் குறைந்த ஒலியிலேயே குடம் கேட்கும்.

பிள்ளைகள் விஷயத்தில்

மெதுவான ஒலியில் நம் காதுக்குக் கீழ் ஒலி குறைவாகவே எட்டும். 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் பேஸ் பிரியர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆனால் காது கெட்டால் திரும்பாது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். கைபேசியில் உள்ள ஒலி வரம்பைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அலமாரியில் இருக்கும் கேசட்

இன்னும் ஒரு வேலை நமக்கு இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் பதிவு செய்த கேசட்டுகள் நம் வீடுகளில் தூங்குகின்றன. நாடா ஆண்டுக்கு ஆண்டு பழுதாகிறது. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. நல்ல கேசட் பிளேயரின் ‘லைன் அவுட்’ வழியாகக் கணினியில் பதிவு செய்யுங்கள். பேஸ் பொத்தானைத் தொடாதீர்கள். ஒலிமானி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நறுக்கப்பட்ட அலையைப் பிறகு ஒட்ட முடியாது. மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தங்களை நகலில் செய்யுங்கள். ஊர், ஆண்டு, கதையின் பெயர் ஆகியவற்றைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கும் முன் இந்த மூன்று கசிவுகளையும் அடைத்துப் பாருங்கள். பிறகு ஒரு மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்து, இரவிக்குட்டிப் பிள்ளை கதையைப் போட்டுக் காட்டுங்கள். குடம் எங்கே அடிக்கிறது என்று அவர்களே விரல் நீட்டிச் சொல்லட்டும்.