கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரக் கரைசலும்

பயற்றங்கொடியின் நுனியில் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, தமிழ்நாட்டில் அசுவினி) கறுப்பாக மொய்த்திருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் அடியுங்கள், போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் பூச்சி போகிறது. அடுத்த வீட்டில் பூச்சி அப்படியே இருக்க, இலை மட்டும் கருகுகிறது. ஏன்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு கிணற்றுக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் இலகு.

முதலில், சவர்க்காரம் பூச்சியை என்ன செய்கிறது? பூச்சியின் தோலுக்கு மேலே மெல்லிய மெழுகுப் படை உண்டு. உடம்பின் ஈரத்தை அதுதான் காக்கிறது. சவர்க்காரத்தில் உள்ள கொழுப்பமிலங்கள் (எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருட்கள்) அந்த மெழுகைக் கரைத்து, உள்ளே போய்க் கலங்களையும் குலைத்துவிடுகின்றன. பூச்சி வற்றிச் சாகிறது. கரைசல் ஈரமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். காய்ந்த பிறகு வந்து உட்காரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. எனவே, பூச்சி வருமுன்னே அடித்து வைப்பதில் பயனில்லை.

எந்தப் பூச்சிக்கு அடிக்கலாம்? உடம்பு மென்மையாக இருந்து, இடம்விட்டு ஓடாமல் சாறு உறிஞ்சுபவற்றுக்கு. பயற்றையில் அழுக்கணவன், செவ்வரத்தையிலும் கொய்யாவிலும் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் வெண்மூட்டுப்பூச்சி (மாவுப்பூச்சி), கத்தரி இலையின் அடியில் வெண்ஈ, மிளகாயில் பனிப்பூச்சி (இலைப்பேன்), சிற்றுண்ணி எல்லாம் இதில் அடங்கும்.

முருங்கையில் அப்பியிருக்கும் மயிர்க்கொட்டிக்கும், பாவல் இலையைச் சல்லடையாக்கும் ஆமைவண்டுக்கும், கத்தரிக்காயைத் துளைத்து உள்ளே இருக்கும் புழுவுக்கும் சவர்க்காரம் மருந்தல்ல. வெண்டி இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அது வெண்ஈ பரப்பும் வைரசு நோய். எத்தனை முறை அடித்தாலும் அந்தச் செடி தேறாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இதுதான். இப்படிப்பட்ட நீரை வன்னீர் (கல்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீர்) என்பார்கள். சவர்க்காரம் வன்னீரில் பட்டதும், கொழுப்பமிலங்கள் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடுகின்றன. பூச்சியைக் கொல்லவேண்டிய பொருள் கசடாகிப் போனபின் நீங்கள் அடிப்பது வெறும் அழுக்குத் தண்ணீர். போதாததற்கு அந்தக் கசடு இலையில் படையாக ஒட்டும், விசிறும் போத்தலின் வாயையும் அடைக்கும்.

உங்கள் கிணறு எப்படி என்று சோதிப்பது சுலபம். வெளிச்சம் தெரியும் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் சவர்க்காரச் சீவல் போட்டுக் கரைத்துக் குலுக்குங்கள். நுரை எழுந்து நின்று, தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்லது. நுரை உடனே அடங்கி, திரிதிரியாக வெள்ளைக் கசடு மிதந்தால் அந்தத் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது.

அப்படியானால் சவர்க்காரத்தைக் கூட்டிப் போட்டால் என்ன? வேண்டாம். கசடு கூடும், இலை கருகும் ஆபத்தும் கூடும். தண்ணீரை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீலியிலிருந்து (கூரைநீரை இறக்கும் வாய்க்கால்) பிடித்து மூடி வைத்த மழைநீர்தான் இதற்கு மிகச் சிறந்தது. நாலைந்து செடிக்கு ஒன்றிரண்டு லீற்றர் போதும் என்பதால் ஒரு கலன் மழைநீர் பல மாதத்துக்கு வரும்.

மழைநீர் இல்லையா? கிணற்றுத் தண்ணீரைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிவதைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்தெடுங்கள். கரைந்திருக்கும் சுண்ணாம்பில் ஒரு பகுதி கொதியிலேயே பிரிந்துவிடும். பிறகும் கசடு வந்தால், குடிக்க வாங்கும் சுத்திகரித்த நீரில் ஒரு லீற்றரை இதற்கு ஒதுக்கலாம். தீவுப்பகுதியிலும் கரையோரங்களிலும் கிணறு உவராக இருப்பவர்களுக்குக் கொதிக்கவைப்பது உதவாது. உப்பு போகாமல் இன்னும் செறியும், இலையையும் அந்த உப்பே சுடும். அவர்களுக்கு மழைநீர்தான் வழி.

பாத்திரம் கழுவும் திரவம் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் நன்றாக நுரைக்கிறதே, அதை அடிக்கலாமா என்று கேட்பீர்கள். நுரைப்பது உண்மை. ஏனென்றால் அது சவர்க்காரமே அல்ல, செயற்கைத் தூய்மையாக்கி. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுக்கச் செய்தது. இலைக்கும் மெழுகுப் படை உண்டு, அதையும் வழித்துவிடும். உடுப்புத் தோய்க்கும் தூளில் சலவைச் சோடாவும் வாசனையும் வெளுக்கும் பொருட்களும் இருக்கும். இரண்டையும் செடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எந்தச் சவர்க்காரம் நல்லது? செடிக்கென்றே விற்கும் பொற்றாசியச் சவர்க்காரம் (சாம்பலுப்பு சேர்த்துச் செய்த மென்சவர்க்காரம்) கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அளவு போத்தலில் எழுதியிருக்கும். கிடைக்காவிட்டால் வாசனையோ நிறமோ அதிகம் சேராத சாதாரணக் கட்டிச் சவர்க்காரம். ஒரு லீற்றருக்கு 5 கிராமில் தொடங்குங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால் 100 கிராம் கட்டியை இருபது சம துண்டாக வெட்டினால் ஒரு துண்டு 5 கிராம். அதைச் சீவி, கொஞ்சம் சுடுநீரில் கரைத்து, மிச்சத் தண்ணீரைச் சேர்த்து, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். பலன் குறைவாக இருந்தால் 10 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முழுச் செடிக்கும் அடிக்குமுன் இரண்டு மூன்று இலையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பாருங்கள். ஓரம் பழுப்பாகினாலோ புள்ளி விழுந்தாலோ அந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் செடியை இழக்கிறார்கள். நேற்று நட்ட நாற்றுக்கும், தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் செடிக்கும் அடிக்கவே கூடாது. முதலில் தண்ணீர் விட்டுத் தேற்றுங்கள்.

எந்த நேரம்? வெயில் தாழ்ந்த பின்மாலை அல்லது விடியற்காலை. நண்பகலில் அடித்தால் கரைசல் உடனே காய்ந்து பூச்சி தப்பும், இலை சுடும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையே வசதி. பூவில் தேனீ நிற்கும்போது அடிக்காதீர்கள்.

அடிக்கும் விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பூச்சி ஒளிந்திருப்பது இலையின் அடிப்புறத்திலும் குருத்து மடிப்பிலும். கரைசல் பூச்சியின் உடம்பில் படவேண்டும். மேலே தூறல்போல் அடிப்பது வீண். இலையைத் திருப்பி, சொட்டும்வரை நனையுங்கள். மென்மையான செடியானால் இரண்டு மணித்தியாலம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். சவர்க்காரம் முட்டையைக் கொல்வது அரிது. ஆகவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பொரித்து வருபவையும் அகப்படும்.

அடித்தும் வெண்மூட்டுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறதா? தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இந்தப் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காத்து நிற்கும், எதிரிகளைத் துரத்தும். எறும்பின் வழியை அடைக்காமல் மருந்தடிப்பது முடிவில்லாத வேலை. மிகவும் பிடித்துப்போன கிளையை வெட்டி எரிப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அவசரப்பட்டுக் கொல்லாதீர்கள். வெண்மூட்டுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே வெள்ளை மயிரோடு, ஆனால் அளவில் பெரிதாக, விறுவிறுவென்று நடக்கும் ஒன்றைக் கண்டால், அது வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குடம்பி (புழுப் பருவம்). கரைசல் பட்டால் அதுவும் சாகும்.

இந்த நன்மைப் பூச்சிகளின் பலம் சிறிதல்ல. பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி 2008இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாசி, மரவள்ளி, அரலி என்று ஒன்றையும் விடவில்லை. உயர்ந்த மரத்துக்குக் கரைசல் அடித்து முடியுமா? விவசாயத் திணைக்களம் 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியை வருவித்து வெளிவிட்டது. அது வெண்மூட்டுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அழிக்கும். பூச்சியின் பெருக்கம் அதன்பின் பெரிதும் தணிந்தது. உங்கள் மரத்தில் பூச்சிகள் உப்பி, பழுப்பாகி, இறுகியிருப்பதைக் கண்டால் உள்ளே ஒட்டுண்ணி வேலை செய்கிறது. அந்த இலையை விட்டுவிடுங்கள்.

வேப்பெண்ணெய் சேர்க்கலாமா? சேர்க்கலாம். எண்ணெய் தண்ணீரில் கலக்க எப்படியும் சவர்க்காரம் வேண்டும். லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் (ஒரு தேக்கரண்டி) போதும். அடிக்கும்போது போத்தலை அடிக்கடி குலுக்குங்கள், கலந்ததை அன்றே முடியுங்கள்.

அடித்த காயைச் சாப்பிடலாமா? சவர்க்காரம் மட்டும் என்றால் மறுநாளே பறித்து, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். களைநாசினி அடித்த தெளிகருவியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அடியில் நின்ற கொஞ்சம் களைநாசினியே கத்தரியை முடித்துவிடும். மிஞ்சிய கரைசலைக் கிணற்றுக் கட்டடியில் ஊற்றவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றுக்குப் போய்விடும்.

மூன்று முறை சரியாக அடித்தும் குறையவில்லை என்றால் நாலாம் முறை அடிக்காதீர்கள். பூச்சியோடு ஒரு இலையைப் பறித்து, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அது வேறு பூச்சியாகவோ நோயாகவோ இருக்கலாம்.