அதிர்ஷ்டத்திற்கு எத்தனை மதிப்பெண்?

"விதியை மதியால் வெல்லலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. "எல்லாம் தலையெழுத்து" என்பதும் அதே முன்னோர் வாக்குதான். இவ்விரண்டில் எது மெய் என்னும் வழக்கு நெடுங்காலமாகத் தீராமல் நடந்து வருகிறது. திருவள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசுகிறார். 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் போற்றுகிறார். கணினி விளையாட்டுகளை ஆக்கியோர் இவ்வழக்கில் ஒரு விந்தையான தீர்ப்பு எழுதியுள்ளனர். அவர்கள் அதிர்ஷ்டத்திற்கே மதிப்பெண் போட்டுவிட்டனர்! அது எங்ஙனம் என்பதையும், அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நம் வீட்டுத் திண்ணை விளையாட்டுகளைப் பார்ப்போம். பல்லாங்குழியிலும் ஆடுபுலி ஆட்டத்திலும் அதிர்ஷ்டத்திற்கு வேலையே இல்லை. எண்ணி ஆடுபவள் வெல்வாள். கவனம் சிதறியவள் தோற்பாள். பரமபதமோ இதற்கு நேர்மாறானது. அங்கே நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. விழுந்த எண் ஏணியில் ஏற்றினால் ஏறுவோம். பாம்பின் வாயில் தள்ளினால் இறங்குவோம். தாயம் இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது. என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்ததைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் உள்ளது.

தாயக்கட்டையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போமா? இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஆகவே இரண்டும் சேர்ந்து விழும் வகைகள் 16. அவற்றுள் மூன்று என்னும் எண் 4 வகைகளில் விழும். பன்னிரண்டு, அதாவது இரண்டும் வெறுமை, ஒரே ஒரு வகையில் விழும். காய் இறங்கத் தேவையான தாயமோ 2 வகைகளில்தான் விழும்; எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் விழுந்தே தீருமா? விழாது. எட்டு முறையும் தாயமே விழாமல் போவது 100க்கு ஏறத்தாழ 34 தடவை நிகழும். நால்வர் ஆடும் ஆட்டத்தில் ஒருத்தியாவது தாயம் விழாமல் விழித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நடப்பதே. அவளுடைய கையில் குற்றம் ஏதுமில்லை. அது கணக்கின் இயல்பு. நளன் கதையிலும், சூதில் நாடிழந்த நளனுக்குப் பகடையின் நுட்பத்தைக் கற்பித்த இருதுபன்னன், மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக் கூறும் கணக்கறிஞனாகவே காட்டப்படுகிறான்.

இனி மேல்நாட்டிற்குச் செல்வோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். இதில் ஆடுபவர் ஒவ்வொருவரும் வீரராகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவர். நமக்கு மதிப்பெண் அட்டை இருப்பதுபோல அந்தப் பாத்திரத்திற்கும் ஓர் அட்டை உண்டு. பலம், அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், கவர்ச்சி என ஆறு பாடங்கள்! அவற்றுள் அதிர்ஷ்டம் இல்லை. பகடை உருட்டும் வேலையே அதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொண்டது.

மறு ஆண்டு, 1975இல், கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் உருவாக்கிய 'டனல்ஸ் அண்டு டிரால்ஸ்' விளையாட்டில் அதிர்ஷ்டமும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. 1981இல் ஆப்பிள் கணினியில் வந்த 'விசார்ட்ரி' விளையாட்டில் பலம், அறிவு, உடலுறுதி, சுறுசுறுப்பு ஆகியவற்றோடு பக்தியும் அதிர்ஷ்டமும் எண்களாக எழுதப்பட்டன. 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் வாசகரே கதாநாயகராகும் ஒரு புத்தக வரிசையைத் தொடங்கினர். அதில் ஒரு நல்ல விதி இருந்தது: அதிர்ஷ்டத்தை ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அதில் ஒரு புள்ளி குறைந்துவிடும். அதிர்ஷ்டத்தையே நம்பி ஓடுபவருக்கு அது விரைவில் தீர்ந்துபோகும்.

1997இல் வந்த 'ஃபால்அவுட்' என்னும் கணினி விளையாட்டில் ஏழு பாடங்கள். ஏழாவது அதிர்ஷ்டம். ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளிகள் முதலிலேயே இருக்கும். மேலும் ஐந்து புள்ளிகளை விரும்பியபடி பங்கிட்டுக்கொள்ளலாம். அதிர்ஷ்டத்திற்கு அதற்கு மேலும் வேண்டுமானால் வேறொரு பாடத்தில் குறைத்தாக வேண்டும். அவ்வாறு பெற்ற அதிர்ஷ்டம் என்ன செய்யும்? அது 5 ஆக இருந்தால், எதிரியின்மேல் விழும் அடிகளில் 100க்கு 5 எதிர்பாராத வலிமையோடு விழ வாய்ப்புண்டு. 10 ஆக இருந்தால் 100க்கு 10. எஞ்சிய அடிகளுக்கெல்லாம் பலமும் பயிற்சியுமே துணை.

கணினிக்குள் பகடை உருட்டும் கை எதுவும் இல்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொண்டு அது பெருக்கியும் வகுத்தும் எண்களை வரிசையாக ஆக்குகிறது. அதே தொடக்க எண்ணைத் தந்தால் அதே வரிசை மீண்டும் வரும். ஆடுபவருக்கு மாயமாகத் தோன்றுவது ஆக்கியவருக்கு வெறும் கணக்கு. 'அதிர்ஷ்டம்' என்னும் சொல்லுக்கே 'காணப்படாதது' என்றுதான் பொருள். காணப்படாத காரணத்திற்கு நாம் இட்ட பெயர் அது.

தோழியரே, அதிர்ஷ்டத்தை ஒருவருடைய குணம்போல எழுதிவைப்பது மேல்நாட்டார் மட்டும் கண்ட வழக்கமா? "அவர் கைராசியான டாக்டர்", "இவர் கையால் போணி ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்" என்று நாமும் நாள்தோறும் மனிதர்க்குப் புள்ளி போடுகிறோம். ஆனால் விளையாட்டில் புள்ளி எல்லார் கண்ணுக்கும் தெரியும்; ஆடுபவர் தாமே பங்கிட்டுக்கொண்டது. நம் தெருவிலோ புள்ளி போடுபவர் வேறொருவர். எண்ணிப் பார்ப்பவர் யாருமில்லை. பலித்த நாள் நினைவில் நிற்கும். பலிக்காத நாள் மறந்துபோகும். இதில் மிகக் கொடியது, ஒரு பெண்ணை "ராசியில்லாதவள்" என்பது. அவள் பிறந்த வேளையில் தந்தைக்கு வேலை போயிற்று, அவள் காலடி வைத்ததும் மாமனார் தொழில் நொடித்தது என்பர். இந்தப் பூஜ்யத்தை அவள் வாழ்நாள் முழுதும் சுமக்க நேரிடுகிறது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத தோல் பதனிடும் ஆலைகள் இயங்கக் கூடாது என்றும், மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் கூறியது. ஓர் ஆலை மூடப்பட்டு ஒரு வீட்டில் அடுப்பு அணைந்திருந்தால் அதற்குக் காரணம் பாலாற்றில் கலந்த கழிவுநீர்; அவ்வீட்டிற்கு வந்த மருமகளின் கால் ராசி அன்று.

இன்னொரு நிகழ்ச்சி. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். ஆண் மருத்துவரான தந்தையை அனுமதிக்க அவர்களுக்கு வழக்கம் இடந்தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். "விதி முடிந்தது" என்று ஊர் சொல்லியிருக்கலாம். பெண் மருத்துவர் இல்லாமையே காரணம் என்று ஐடா கண்டார். மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

அப்படியானால் நம் கையில் இல்லாதவை எவையுமே இல்லையா? உண்டு. எந்த வீட்டில் பிறந்தோம், யார் நமக்குப் படிப்புத் தந்தார்கள் என்பவை நாம் தேர்ந்தவை அல்ல. அவற்றை அதிர்ஷ்டம் என்பதினும் இறைவனின் பராமரிப்பு என்றும், பிறர் உழைப்பின் கொடை என்றும் நன்றியோடு நினைப்பதே தகும். யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டுக் குலுக்கியே தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் சீட்டு முதலில் வரவில்லை. ஆண்டவரோடு தொடக்கமுதல் இருந்தவர்களுள் தகுதியுடைய இருவரை முதலில் நிறுத்தினர், அடுத்து செபித்தனர், அதன் பின்னரே சீட்டுப் போட்டனர்.

ஆகவே, தோழியரே, தேர்வோ வேலையோ எதுவாயினும், முயற்சியும் செபமும் முன்னே செல்லட்டும். தாயம் விழாத நாளில் கையை நொந்துகொள்ளாமல் மீண்டும் உருட்டுவோம். பிறிதொரு பெண்ணின் அட்டையில் "ராசி பூஜ்யம்" என்று எழுத எவர் கை நீட்டினாலும், காரணத்தைக் கேட்டு அக்கையைத் தடுப்போம்.