ஒரு கிளியும் குருத்தோலை ஞாயிறும்

தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டு அன்டீஸ் மலைகளில் மஞ்சள் காதுக் கிளி என்றோர் இனம் வாழ்கின்றது. உடல் பச்சை, முகமும் காதுப்புறமும் மஞ்சள். முன்னர் பெருங்கூட்டங்களாகப் பறந்த இக்கிளி அழிந்தே விட்டதோ என அஞ்சப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் தொலிமா என்னும் மாநிலத்தில் 81 கிளிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

இவ்வீழ்ச்சிக்கு வேட்டையும் ஒரு காரணம். ஆயினும் கிளியின் கதை ஒரு மரத்தின் கதையே. அது மெழுகுப் பனை. 45 மீற்றருக்கு மேலும் வளரும் இதுவே உலகின் மிக உயரமான பனை இனம். பட்டுப்போன பனைகளின் பொந்துகளில் இக்கிளி முட்டையிடும். காடுகள் மேய்ச்சல் நிலங்களாக மாறியபோது முதிய பனைகள் சில எஞ்சின. ஆனால் அவற்றின் கீழ் முளைத்த கன்றுகளை மாடுகள் தின்றன. மிஞ்சியவை நிழலின்றிக் கருகின. முதிய மரம் சரிந்தால் அவ்விடத்தை நிரப்ப இளமரம் இல்லை.

தப்பிய இளம் பனைகளின் குருத்துகளையோ மக்கள் குருத்தோலை ஞாயிறு பவனிக்காக வெட்டினர். குருத்தை இழந்த மரம் என்னவாகும் என்பதைப் பனையும் தென்னையும் வளர்க்கும் எமக்குச் சொல்லத் தேவையில்லை. 1985 இல் மெழுகுப் பனை தேசிய மரமாக்கப்பட்டு, அதனைத் தறிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. வழக்கமோ நிற்கவில்லை. பக்தியோடு செய்யப்படுவதைச் சட்டம் மட்டும் மாற்றிவிடுமா?

எனவே புரோஅவெஸ் என்ற பறவைப் பாதுகாப்பு நிறுவனம் திருச்சபையின் உதவியை நாடியது. வேறு தாவரங்களின் ஓலைகளையோ மரக்கன்றுகளையோ ஏந்தி வருமாறு மக்கள் கேட்கப்பட்டனர். பவனி நிற்கவில்லை; கையில் ஏந்தியதே மாறியது. அத்துடன் பனங்கன்றுகள் நடப்பட்டன. கிளிகளுக்குக் கூட்டுப் பெட்டிகள் பொருத்தப்பட்டன.

பத்தே ஆண்டுகளில் கிளிகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. 2010 இல், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையிலிருந்து இது ஒரு படி கீழிறக்கப்பட்டது.

எனினும் மெழுகுப் பனை மிக மெதுவாகவே வளரும். இன்று நட்ட கன்று கிளிக்கு வீடாகப் பல பத்தாண்டுகள் செல்லும். ஊரில் பெருமரங்கள் நிற்கின்றன என்று நாமும் திருப்தியடைந்துவிடலாகாது. அவற்றின் கீழ் கன்றுகள் உண்டா என்று பார்ப்போம்.